பொங்கலுக்கு மல்லிகை விலை ஏறியும் கூட்டம் குறையவில்லையே, தேவை விதி பொய்யா?

ஒரு தந்தை கேட்டிருந்தார்: “மகள் பிளஸ் ஒன் பொருளியல் படிக்கிறாள். ‘விலை ஏறினால் தேவை குறையும், விலை இறங்கினால் தேவை கூடும்’ என்று ஒப்பிக்கிறாள். ஆனால் பொங்கல் சமயத்தில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது, அன்றைக்குத்தான் ஊரே பூ வாங்குகிறது. 2023இல் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியபோதும் எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம். அப்படியென்றால் அந்த விதி பரீட்சைக்கு மட்டும்தானா என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.”

உங்கள் மகள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாள். மதுரையில் இருபது வருடத்துக்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளியல் எடுத்திருக்கிறேன். விதியை ஒப்பிக்கத் தெரியாத பிள்ளையைப் பார்த்ததில்லை. ‘அப்புறம் ஏன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் வேறு மாதிரி நடக்கிறது’ என்று கேட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். விதி பொய் இல்லை. அவள் மனப்பாடம் செய்த வாக்கியத்தில் பாதி விழுந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் ‘தேவை’ என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம், குழப்பம் தொடங்குவதே அங்கேதான். வீட்டில் தேவை என்றால் நமக்கு வேண்டியிருப்பது. பசித்தவனுக்குச் சோறு தேவை. பொருளியலில் அது போதாது. வேண்டும், வாங்கக் காசும் இருக்கிறது, இந்த விலைக்குக் கொடுக்க மனமும் இருக்கிறது என்றால்தான் அது தேவை. கடை வாசலில் நின்று பூவை ஆசையாகப் பார்த்துவிட்டு நடந்துபோகும் பெண்ணின் ஆசை சந்தையின் கணக்கில் ஏறாது. மண்டிக்காரர்கள் ‘கிராக்கி’ என்கிறார்களே, அந்தச் சொல் இதற்கு இன்னும் நெருக்கம். ‘இன்னைக்குக் கிராக்கி இல்லை’ என்று அவர்கள் சொன்னால் யாருக்கும் பூ பிடிக்கவில்லை என்று பொருள் இல்லை. காசோடு வந்து கேட்பவர் குறைவு என்று பொருள். இலங்கைப் பள்ளிகளில் இதையே ‘கேள்வி’ என்பார்கள், விற்பவர் பக்கத்தைச் சொல்லும் ‘அளிப்பை’ ‘நிரம்பல்’ என்பார்கள். எனக்கு அந்தக் ‘கேள்வி’ பிடிக்கும். கடைக்காரரிடம் போய்க் கேட்பது என்ற செயல் அதில் இருக்கிறது.

சரி, விழுந்துபோன பாதிக்கு வருவோம். தேவை என்பது ஓர் எண் இல்லை, ஒரு பட்டியல்.

உங்கள் மனைவி பூ வாங்கப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முழம் 20 ரூபாய் என்றால் நான்கு முழம் வாங்குவார். 40 என்றால் இரண்டு. 60 என்றால் சாமி படத்துக்கு மட்டும் ஒன்று. 100 என்றால் வேண்டாம், செவ்வந்தி போதும். இதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் முழுவதும் சேர்ந்ததுதான் ‘தேவை’. இன்றைய விலை 40 என்றால் அதன் எதிரே இருக்கும் ‘இரண்டு முழம்’ என்பது ‘தேவையின் அளவு’. விலை 40இலிருந்து 60 ஆனால், நம் விரல் அதே தாளில் ஒரு வரி நகர்கிறது. தாள் மாறவில்லை. தேவை விதி பேசுவது இந்த விரல் நகர்வைப் பற்றி மட்டும்தான். ‘மற்றவை மாறாதிருக்கும்போது’ என்று பாடப்புத்தகம் ஆரம்பத்திலேயே ஒரு நிபந்தனை போடுகிறது. பிள்ளைகள் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். விதியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பொருள் ‘தாளை மாற்றாதே’ என்பதுதான்.

இப்போது பொங்கலுக்கு முந்தின நாள். உங்கள் வீட்டிலேயே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எழுதுகிறீர்கள். சாமிக்கு, வாசலுக்கு, ஊரிலிருந்து வந்த நாத்தனாருக்கு, பிள்ளைகளுக்கு என்று கணக்கு விரிகிறது. சாதாரண நாளில் 100 ரூபாய்க்கு ‘வேண்டாம்’ என்று இருந்த வரியில் இன்று ‘இரண்டு முழம்’ என்று எழுதுகிறீர்கள். பொங்கல் முடிந்தால் தை முகூர்த்தங்கள். மார்கழி முழுக்கக் கல்யாணம் இல்லாமல் காத்திருந்த வீடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மாலைக்கும் சரத்துக்கும் வருகின்றன. விலையை மேல்நோக்கியும் அளவை வலப்பக்கமாகவும் வைத்து அந்தத் தாளைப் படமாக வரைந்தால் வருவதுதான் தேவைக் கோடு. ஊரில் எல்லோருடைய தாளும் ஒன்றாக மாறினால் அதைத்தான் தேவைக் கோடு வலப்பக்கம் நகர்கிறது என்கிறோம். அதே விலையில் முன்பைவிட அதிகம் கேட்கிறார்கள். அல்லது அதே அளவுக்கு முன்பைவிட அதிக விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

ஆக, உங்கள் மகள் பொங்கல் அன்று பார்த்தது விலை ஏறியதால் தேவை கூடியதை அல்ல. தேவை கூடியதால் விலை ஏறியதை. எது முன்னால், எது பின்னால் என்பதுதான் வித்தியாசம். அன்றைக்கும் தேவை விதி உயிரோடுதான் இருக்கிறது. பொங்கல் அன்று மல்லிகை கிலோ 300 ரூபாய்க்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு வாங்கியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 3,000 ரூபாய்க்கு விற்றதால்தானே இரண்டு முழத்தோடு நிறுத்தினீர்கள்? கூட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கூட்டம் பெரிது, ஆள் ஒன்றுக்கு வாங்கும் அளவு சிறிது. பூக்காரம்மாவின் முழங்கையும் அன்றைக்குக் கொஞ்சம் சிறுத்துவிடும், அது தனிக் கதை.

இது பாதிக் கதைதான். பனிக்காலத்தில் விற்பவர்களின் தாளும் மாறிவிடுகிறது. மல்லிகைக்கு வெயில் வேண்டும். கார்த்திகை வாக்கில் செடியைக் கவாத்து செய்வார்கள், பங்குனியிலிருந்து மொட்டு குவியும். மார்கழி, தை மாதங்களில் பனி விழும்போது மொட்டு சிறுத்து, வரத்து சுருங்கிவிடும். அன்றைக்கு விலை எவ்வளவு கொடுத்தாலும் செடி கூடுதலாக ஒரு மொட்டு விடப்போவதில்லை. கோடையில் சில நாட்களில் கிலோ 200, 300 ரூபாய்க்கு இறங்கும் அதே மதுரை மல்லி தை மாதத்தில் 2,000, 3,000 என்று போவதற்குக் காரணம், கேட்பவர் தாள் ஒரு பக்கமும் விற்பவர் தாள் எதிர்ப்பக்கமும் ஒரே வாரத்தில் நகர்வதுதான். ஒன்று மட்டும் நகர்ந்திருந்தால் இவ்வளவு ஏறாது. 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால்தான் விலை இப்படி என்று சிலர் சொல்வார்கள். குறியீடு வருடம் முழுக்க இருக்கிறது, விலை தையில் மட்டும்தானே எகிறுகிறது?

1890இல் ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதற்கு ஓர் உவமை சொன்னார். காகிதத்தை வெட்டுவது கத்தரிக்கோலின் மேல் அலகா, கீழ் அலகா என்று கேட்பது எவ்வளவு அபத்தமோ, விலையைத் தீர்மானிப்பது தேவையா அளிப்பா என்று கேட்பதும் அவ்வளவு அபத்தம் என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார், அது இந்த உவமை அளவுக்குப் பிரபலம் ஆகவில்லை. கால அளவைப் பார்க்கச் சொன்னார். ஒரே நாள் என்று எடுத்துக்கொண்டால், பறித்த பூ பறித்ததுதான். சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும், வைத்து விற்க முடியாது. அன்றைய அளிப்புக் கோடு செங்குத்தாக நிற்கும், விலையை ஆட்டிவைப்பது முழுக்க கிராக்கிதான். இரண்டு மாதம் என்றால், நல்ல விலை கிடைக்கும் என்று தெரிந்த விவசாயி உரம், தண்ணீர், கூலி ஆள் என்று கூடச் செலவு செய்து கொஞ்சம் அதிகம் எடுப்பார். மூன்று, நான்கு வருடம் என்றால், நெல் போட்ட நிலத்திலேயே மல்லிகைப் பதியன் வைப்பார்கள். அதே பயிர், அதே ஊர், மூன்று வெவ்வேறு அளிப்புக் கோடுகள். ‘அளிப்பு’ என்பதும் ‘வரத்து’ என்பதும் முழுக்க ஒன்றில்லை என்பதற்கும் இதுதான் காரணம். வரத்து இன்று வந்து இறங்கிய மூட்டை. அளிப்பு, என்ன விலைக்கு எவ்வளவு கொண்டுவருவார்கள் என்ற பட்டியல்.

கோடையில் பூ கொட்டிக் கிடக்கும்போது என்ன ஆகும் என்றும் கேட்கலாம். விலை அடியோடு விழாமல் கொஞ்சம் தாங்கிப் பிடிப்பது வாசனைத் திரவிய ஆலைகள். நிலக்கோட்டை, சத்தியமங்கலம் பக்கத்து விவசாயிகள் ‘செண்ட் கம்பெனிக்குப் போட்டோம்’ என்பார்கள். கல்யாண வீட்டுக்கு 1,000 ரூபாய்க்கு வாங்கும் பூவை ஆலை வாங்காது, அதற்குக் கட்டாது. விலை தரைக்கு வரும்போதுதான் அவர்கள் தாளில் பெரிய எண் எழுதியிருக்கும். தேவைப் பட்டியலில் விலை மிகக் குறைந்த வரிகளில் யார் நிற்கிறார்கள் என்பது விவசாயிக்கு வாழ்வா சாவா பிரச்சினை.

இனி உங்கள் தக்காளி. இது வேறு பாடம்.

2023 ஜூலையில் சென்னையில் சில்லறை விலை நூறைத் தாண்டியது, மாதக் கடைசியில் இன்னும் ஏறியது. கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் பெரும்பகுதி ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பக்கத்திலிருந்து வருகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஒட்டன்சத்திரம் சேர்த்தாலும் போதவில்லை. அந்த வருடம் கோலார் பக்கம் இலைச்சுருட்டு நோய், அதற்கு முன் கடும் வெயில், பின்னால் மழை. அதற்கும் முந்தின மாதங்களில் விலை படுத்துக் கிடந்ததால் நட்டவர்களே குறைவு. வரத்து பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்ந்தது. நுகர்வோரின் தாள் மாறவில்லை. பொங்கல் மல்லிகையைப் போல இல்லாமல், இங்கே நாம் பழைய தாளிலேயே விரலை அதிக விலை வரிக்கு நகர்த்துகிறோம்.

அப்படியானால் விதிப்படி நீங்கள் வாங்குவதைக் குறைத்திருக்க வேண்டும். குறைத்தீர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். தக்காளிச் சட்னி தேங்காய்ச் சட்னி ஆகியிருக்கும். ரசத்தில் புளி கொஞ்சம் கூடியிருக்கும். வாரம் இரண்டு கிலோ வாங்கியவர் ஒரு கிலோவோடு நிறுத்தியிருப்பார். வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் சிலவற்றில், தரமான தக்காளி போதிய அளவு கிடைக்கவில்லை என்று அறிவிப்பு ஒட்டி, பர்கரில் தக்காளி வைப்பதையே நிறுத்தினார்கள். ‘வாங்கிக்கொண்டுதான் இருந்தோம்’ என்பது உண்மை, ‘அதே அளவு வாங்கினோம்’ என்பது அநேகமாக உண்மை இல்லை. ஆனால் விலை ஏறிய வேகத்துக்கு நீங்கள் குறைத்த வேகம் ஈடாகாது. அதற்குப் பெயர்தான் தேவை நெகிழ்ச்சி. விலை எத்தனை சதவீதம் ஏறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் குறைகிறது என்ற விகிதம்.

கணக்குக்காக நானே சில எண்களைப் போடுகிறேன், இவை எந்தச் சந்தையின் எண்களும் இல்லை. ஒரு நகரத்துக்குச் சாதாரணமாக நாளுக்கு 100 டன் தக்காளி வருகிறது, விலை கிலோ 40. ஒரு வாரம் 60 டன்தான் வருகிறது, விலை 90 ஆகிறது. விலை 125 சதவீதம் ஏறியிருக்கிறது, அளவு 40 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. நாற்பதை நூற்று இருபத்தைந்தால் வகுத்தால் 0.32. ஒன்றுக்கும் கீழே, அதாவது நெகிழ்ச்சி குறைந்த தேவை. ஏன் குறைவு? தக்காளிக்கு மாற்று எளிதில் இல்லை. வீட்டு மொத்தச் செலவில் அது சின்னப் பங்கு. இன்றைக்குச் சாம்பார் வைத்தாக வேண்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. உப்புக்கு இது இன்னும் பொருந்தும். பட்டுப்புடவைக்குப் பொருந்தாது, அதனால்தான் ஆடியில் துணிக்கடைக்காரர்கள் தள்ளுபடிப் பலகை வைத்தவுடன் ஜனம் திரள்கிறது.

இதே கணக்கை விவசாயியின் பக்கமிருந்து பாருங்கள். நான் வகுப்பில் ஒரு மணி நேரம் செலவழிப்பது இதற்குத்தான். 100 டன், கிலோ 40 என்றால் மொத்த வசூல் 40 லட்சம். 60 டன், கிலோ 90 என்றால் 54 லட்சம். குறைவாக விளைந்து அதிகம் கிடைக்கிறது! இப்போது எல்லோருக்கும் நன்றாக விளைந்து 140 டன் வந்துவிட்டது என்று வையுங்கள். கூடுதல் 40 டன்னை யார் தின்பது? விலை அதிகம் ஏறியபோது நாம் அதிகம் குறைக்காதது போலவே, விலை விழும்போதும் நாம் அதிகம் கூட்டுவதில்லை. ஒரு வீட்டில் எத்தனை தக்காளிச் சட்னிதான் அரைப்பது? விலை 12க்கு விழுகிறது. வசூல் 16 லட்சத்து 80 ஆயிரம். அமோக விளைச்சல், பாதிக்கும் குறைவான வருமானம். பறிக்கும் கூலியும் வண்டி வாடகையும் 12 ரூபாயில் கட்டாதவர் தோட்டத்திலேயே விட்டுவிடுகிறார், அல்லது சாலையோரம் கொட்டுகிறார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்து ‘ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே’ என்று சொல்லாதவர் இல்லை. கொடுப்பதற்கும் யாராவது பறிக்க வேண்டும், பெட்டியில் அடுக்க வேண்டும், லாரி பிடிக்க வேண்டும். அந்தச் செலவு யார் பையிலிருந்து?

அதே 2023 செப்டம்பரில் நாசிக் பக்கம் மொத்த விலை கிலோ 10 ரூபாய்க்கும் கீழே போனது. ஜூலையில் தங்கமாக இருந்தது இரண்டே மாதத்தில் குப்பை. இதில் மர்மம் எதுவும் இல்லை. நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் தக்காளி காய்க்கும். நூறு ரூபாய் விலையைப் பார்த்துவிட்டு எல்லோரும் நட்டார்கள். எல்லோருடையதும் ஒரே நேரத்தில் காய்த்தது. விலை விழுந்தது. விழுந்த விலையைப் பார்த்து அடுத்த பருவத்தில் எல்லோரும் வேறு பயிருக்குப் போவார்கள், மறுபடி தட்டுப்பாடு வரும். நேற்றைய விலையைப் பார்த்து நாளைய பயிரை நடுவதால் வரும் வினை இது. இதைப் படமாக வரைந்தால் கோடுகள் சுற்றிச் சுற்றிச் சிலந்திவலை போல வரும். 1934இல் நிகலஸ் கால்டர் என்ற பொருளியலாளர் அந்தப் பெயரையே வைத்தார். பிளஸ் ஒன்னுக்கு இது தேவையில்லை, ஆனால் உங்கள் மகள் மாதிரி கேள்வி கேட்கிற பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

நான் திருத்திய விடைத்தாள்களில் ஆண்டு தவறாமல் வந்த ஒரு தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ‘மழையால் அளிப்பு குறையும், எனவே விலை ஏறும். விலை ஏறியதால் தேவை குறையும். தேவை குறைந்ததால் விலை மறுபடி இறங்கும்’ என்று எழுதுவார்கள். படித்தால் சரி மாதிரியே இருக்கும். அப்படியானால் விலை எப்போதும் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட வேண்டுமே! எங்கே வழுக்கியது? இரண்டாவது வாக்கியத்தில் குறைந்தது தேவையின் அளவு, அதாவது விரல் நகர்ந்தது. மூன்றாவது வாக்கியத்தில் அதையே தாள் மாறியதாக எடுத்துக்கொண்டார்கள். விலை ஏற்றத்தால் ஒருபோதும் அதே பொருளின் தேவைத் தாள் மாறாது. தாளை மாற்றுவது வேறு சங்கதிகள்: வருமானம், பிடித்தம், பண்டிகை, மக்கள் தொகை, நாளை விலை என்ன ஆகும் என்ற எண்ணம், பக்கத்துப் பொருளின் விலை.

பக்கத்துப் பொருள் என்றேன். சின்ன வெங்காயம் எகிறினால் பெரிய வெங்காயத்தின் தேவைத் தாள் மாறும், ஒன்றுக்கு ஒன்று மாற்று என்பதால். எல்லா மாற்றும் மாற்று ஆகிவிடாது என்பதை 2019 டிசம்பரில் பார்த்தோம். பெரிய வெங்காயம் கிலோ நூறைத் தாண்டியபோது எகிப்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் இறக்குமதி செய்தார்கள். அளவில் பெரிதாக இருந்தது, காரம் இல்லை, நம் ஆட்கள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள். எடைக்கணக்கில் அதுவும் வெங்காயம்தான். குழம்பின் கணக்கில் வேறு பொருள்.

தங்கத்தை விதிவிலக்கு என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. விலை ஏற ஏற வாங்குகிறார்களே என்பார்கள். அதிலும் பெரும்பகுதி, ‘இன்னும் ஏறும், இப்போதே வாங்கிவிடுவோம்’ என்ற எண்ணத்தால் தாள் மாறுவதுதான். உண்மையான விதிவிலக்குகள் அபூர்வம். புத்தகத்தில் உள்ளதை எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்.

இதுவரை சந்தை என்றால் ஏதோ ஓரிடத்தில் எல்லோரும் கூடி விலை தானாகப் படிகிறது என்பது போலப் பேசினேன். நிஜத்தில் யாரிடம் என்ன தகவல் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விலை படியும். எனக்குப் பிடித்த உதாரணம் வட கேரளத்தின் மத்தி மீன், நம் பக்கத்தில் சாளை என்பார்கள். 1997இல் வடகரையில் ஜனவரி மாதத்து ஒரு காலை. பதினொரு மீனவர்கள் பிடித்த மீனை வாங்க ஆள் இல்லாமல் கடலில் கொட்டினார்கள். அதே நேரத்தில் இருபக்கமும் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த கடற்கரைச் சந்தைகளில் இருபத்தேழு பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மீனும் இருந்தது, காசும் இருந்தது. எங்கே யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பிறகு காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் ஒவ்வொரு பகுதியாகச் செல்போன் வந்தது. படகிலிருந்தே நான்கு சந்தைகளுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, விலை எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே கரையேற ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை வாரக்கணக்கில் அளந்து 2007இல் வெளியிட்டார். பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. கடலில் மீன் கூடவில்லை, மக்கள் அதிகம் சாப்பிட ஆசைப்படவும் இல்லை. இருபக்கத்துக்கும் லாபம். ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்.

விலையை ஏறவிடாமல் பிடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதும் பாடத்தில் வரும். தீபாவளி ரயில் டிக்கெட்டைப் பாருங்கள். சாதாரண ரயிலில் தீபாவளிக்கும் ஒரே கட்டணம், திருநாள் இல்லாத செவ்வாய்க்கிழமைக்கும் ஒரே கட்டணம். தாள் மட்டும் தீபாவளிக்கு எங்கேயோ போய்விடுகிறது. 2024 நவம்பரிலிருந்து பயண நாளுக்கு 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கிறார்கள். திறந்த சில நிமிடங்களில் பாண்டியனும் நெல்லையும் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். இடத்தைப் பங்கிடுகிற வேலையை விலை செய்யவில்லை என்றால் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். இங்கே அதைச் செய்வது விரல் வேகமும் இணைய வேகமும். பக்கத்திலேயே ஆம்னி பஸ். அங்கே விலைதான் பங்கிடுகிறது, கடைசி நாளில் போனால் இடம் கிடைக்கும், பர்ஸ் காலியாகும். ரயில்வேயும் 2016இலிருந்து ராஜதானி, சதாப்தி, துரந்தோவில் ஒவ்வொரு 10 சதவீத இருக்கை நிரம்பும்போதும் கட்டணத்தை 10 சதவீதம் ஏற்றும் முறையை வைத்திருக்கிறது, முதலில் ஒன்றரை மடங்கு வரை, 2019இலிருந்து 1.4 மடங்கு வரை. எது நியாயம் என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள், போடட்டும். ஊருக்குப் போயே தீர வேண்டிய கூலித் தொழிலாளிக்கு ஏற்றிய விலை அநியாயம்தான். ஆனால் ஏற்றாத விலையில் டிக்கெட் அவருக்குக் கிடைத்தது என்றும் சொல்ல முடியாது, வேகமான இணையம் வைத்திருந்தவருக்குக் கிடைத்தது.

2023 தக்காளியின்போது தமிழ்நாடு அரசு வேறு வழி எடுத்தது. கூட்டுறவுப் பண்ணை பசுமைக் கடைகளிலும், பிறகு சென்னையில் 82 ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். இதை விலை உச்சவரம்பு என்று எழுதினால் தவறு. வெளிக்கடைக்காரரை 60க்கு விற்கச் சொல்லிச் சட்டம் போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் தக்காளி வேறு மாநிலத்துக்குப் போயிருக்கும் அல்லது கடைக்குப் பின்பக்கம் போயிருக்கும். அரசே வாங்கி, தானே குறைத்து விற்றது. சந்தை விலையைக் கணிசமாக இறக்கும் அளவுக்கு அந்தச் சரக்கு போதாது என்பது என் கணிப்பு. வரிசையில் நின்றவருக்கு அன்றைய சாம்பார் மிச்சம், அதுவும் சின்ன விஷயம் இல்லை.

தேர்வுக்கு ஒரே ஒரு குறிப்பு. விலை செங்குத்து அச்சில், அளவு கிடை அச்சில். கணக்கு வாத்தியார் தலைகீழ் என்பார், அவர் சொல்வது அவர் பாடத்துக்குச் சரி. மார்ஷல் காலத்துப் பழக்கம் நமக்குத் தங்கிவிட்டது. கேள்வியைப் படித்ததும் ‘யாருடைய தாள் மாறியது, கேட்பவருடையதா விற்பவருடையதா, இரண்டுமா’ என்று கேட்டுக்கொண்டு ஒரு கோட்டை மட்டும் முதலில் நகர்த்தட்டும். இரண்டும் நகர்ந்தால், விலை அல்லது அளவு இரண்டில் ஒன்றுதான் உறுதியாகத் தெரியும், மற்றது எந்தக் கோடு அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது. பொங்கல் மல்லிகையில் விலை ஏறும் என்பது உறுதி. விற்ற மொத்தப் பூ கூடியதா குறைந்ததா என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, மார்க்கெட்டுக்குப் போய் எடை பார்க்க வேண்டும்.

அவளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன், கோழி இரண்டுக்கும் தனித்தனிப் படம் வரையச் சொல்லுங்கள். மீன் படத்தில் அளிப்புக் கோடு இடப்பக்கமும் கோழி படத்தில் தேவைக் கோடு வலப்பக்கமும் நகர்ந்திருந்தால் பாடம் புரிந்துவிட்டது. மீன் படத்தில் தேவைக் கோட்டையும் சேர்த்து இடப்பக்கம் தள்ளியிருந்தால், மேலே சொன்ன பூத் தாளை இன்னொரு தடவை எழுதச் சொல்லுங்கள்.